காய்த்த தோலுக்குக் கொஞ்சம் கைவைத்தியம், கொஞ்சம் ஆங்கிலம்

எங்கள் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு ஐந்தாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். அறிக்கையில் ‘கேலஸ்’ உருவாகியிருப்பதாக ஒரு வரி. கல்லூரியில் படிக்கும் பேரன் உடனே செல்போனில் அகராதியைத் தட்டி, “காய்ச்சுத் தடிச்ச தோல்னு போட்டிருக்கு பாட்டி” என்றான். “எலும்பு ஒடிஞ்சதுக்குத் தோலு ஏண்டா காய்க்குது?” என்று பெரியம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. மூன்றாம் நாள் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எலும்பு கூடிக்கிட்டு வருதுன்னு அர்த்தம்மா. நல்ல சேதிதான்.”

அன்றைக்கு இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். சொல்லைப் பற்றியும் தோலைப் பற்றியும் அவ்வப்போது குறித்து வைத்தவை இவை. இரண்டும் கலந்தேதான் வரும்.

1. முதலில் எழுத்து. இந்த ஆங்கிலச் சொல் இரட்டைப் பிறவி; உச்சரிப்பு ஒன்றே. சி, ஏ, எல், எல், யு, எஸ் என்று எழுதினால் அது பெயர்ச்சொல்: காய்த்த தோல். அந்த ‘யு’வுக்கு முன்னால் ஓர் ‘ஓ’ நுழைந்துவிட்டால் ஈவிரக்கமற்ற, கல்நெஞ்சம் படைத்த என்று பொருள் மாறிவிடும். ‘ஃபேமஸ்’, ‘டேஞ்சரஸ்’ எல்லாம் ‘ஓ, யு, எஸ்’ என்று முடிவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குணத்தைச் சொல்லும் சொல்லுக்குத்தான் அந்த வால். சளியைக் குறிக்கும் ‘மியூக்கஸ்’ என்ற சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு. விடுப்புக் கடிதத்தில் ‘ஓ’வைத் தவறிச் சேர்த்துவிட்டால், உங்கள் கால் இரக்கமற்றது என்று மேலதிகாரி படிக்க நேரும்.

2. இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்றுதான். தடித்த தோலுக்கு லத்தீன் மொழியில் ‘கல்லும்’ என்று பெயர். நம்முடைய ‘கல்’லோடு சேர்த்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஒலி ஒற்றுமை தற்செயலானது. உறவு கொண்டாட வேண்டாம். ஆனால் தோலிலிருந்து மனசுக்குத் தாவுவதில் நாமும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. சொல் உறைக்காதவனை ‘எருமைத் தோல்’ என்கிறோம்.

3. தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: காய்ப்பு. “மண்வெட்டி பிடிச்சுக் கை காய்ச்சுப் போச்சு” என்று கிராமத்தில் சொல்வார்கள். மாமரத்துக்கும் காய்ப்பு, உள்ளங்கைக்கும் காய்ப்பு. மருத்துவரிடம் போகும்போது இந்தச் சொல்லையே சொல்லுங்கள். ‘தோல் தடிப்பு’ என்றால் ஒவ்வாமையால் திட்டுத்திட்டாக வீங்கி அரிக்கிற சங்கதியாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘தழும்பு’ என்றால் ஆறிய காயத்தின் அடையாளம் என்று நினைப்பார். அவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கேலஸ்’ என்று எழுதிக்கொள்வார்; நாம் மெனக்கெட வேண்டியதில்லை.

4. கால் ஆணி வேறு. ஆங்கிலத்தில் அது ‘கார்ன்’. மக்காச்சோளத்துக்கும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. ஆனால் பிறந்த வீடு வேறு. ஆணியைக் குறிக்கும் ‘கார்ன்’, கொம்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ‘க்ளாவஸ்’ என்று இன்னொரு பெயர் இருக்கிறது. லத்தீனில் ‘க்ளாவஸ்’ என்றால் ஆணியேதான்! செருப்புக்குள் ஆணி துருத்திக்கொண்டு குத்துகிற வலியை ஒரு தடவை அனுபவித்தவர், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வேறு என்ன பெயர் வைத்திருக்கப் போகிறார்?

5. காய்ப்பு, ஆணி, மரு மூன்றையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். காய்ப்பு அகலமாகப் படர்ந்திருக்கும், விளிம்பு தெளிவாக இராது, தோலின் ரேகைகள் அதன்மேல் தொடர்ந்து ஓடும், பெரும்பாலும் வலிக்காது. ஆணி சிறியது, வட்டமானது. நடுவில் கூம்புபோல ஒரு கெட்டி முனை உள்நோக்கி இறங்கியிருக்கும். நேராக அழுத்தினால் உயிர் போகும். மரு என்பது வைரஸால் வருவது. ரேகைகள் அதன் ஓரத்தோடு நின்றுவிடும். மேல்தோலைச் சீவினால் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். பக்கவாட்டில் கிள்ளினால்தான் வலி அதிகம். மருவை ஆணி என்று நினைத்துக் கல்லால் தேய்த்தால் அது மற்ற விரலுக்கும் பரவும். வீட்டில் எல்லாரும் அதே கல்லில் தேய்த்தால் கேட்கவே வேண்டாம்.

6. காய்ப்பு ஏன் வருகிறது? தோலின் ஒரே இடத்தில் உராய்வும் அழுத்தமும் விடாமல் விழுந்தால், மேல்தோல் கெரட்டின் என்ற புரதத்தை அடுக்கடுக்காகச் சேர்த்துச் சுவர் எழுப்புகிறது. நகமும் முடியும்கூட அந்தப் புரதத்தால் ஆனவைதான். உராய்வு திடீரென்று, வேகமாக வந்தால் கொப்புளம். நிதானமாக, நாள்கணக்கில் வந்தால் காய்ப்பு. புதுச்செருப்பு முதல் நாளே கடித்தால் கொப்புளம் வருவதும், பழைய செருப்பு மூன்று மாதத்தில் காய்ப்பைத் தருவதும் இதனால்தான். சுவரை இடித்தாலும், எது உரசுகிறது என்று கண்டுபிடிக்காதவரை அது மறுபடி எழும்பும்.

7. ஆகவே காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துப்பு அங்கேயே கிடைக்கும். வெளிக் கணுக்கால் முட்டியில் கருத்துத் தடித்திருந்தால், வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம். கீழே ஒரு மடித்த போர்வை போதும். (அந்தக் காலத்து ஐரோப்பியத் தையல்காரர்களும் நம்மைப் போலச் சம்மணமிட்டுத்தான் தைத்தார்கள். பாதத்தின் வெளி ஓரம் தரையில் அழுந்தி, சுண்டுவிரல் அடியில் வரும் புடைப்புக்கு மருத்துவத்தில் இன்றும் தையல்காரரின் பெயர்தான்.) நடுவிரலின் மேல்கணுவில் என்றால் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். காலின் இரண்டாம் விரலைச் சுற்றி, அல்லது அதை ஒட்டிய விரலில் என்றால் மெட்டி. கல்யாணத்தன்று போட்ட அளவே இருபது வருஷம் கழித்தும் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தட்டானிடம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குதிகால் ஓரத்தில் மட்டும் என்றால் பின்புறம் திறந்த, தேய்ந்துபோன செருப்பு. முன்பாதத்தின் அடியில் என்றால் குதி உயர்ந்த செருப்பு, அல்லது வயது. வயதாக ஆகப் பாதத்தின் அடியில் மெத்தைபோல இருக்கும் கொழுப்பு மெலிந்துவிடுகிறது. பாட்டிகளுக்கு வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுங்கள், “வீட்டுக்குள்ள செருப்பா?” என்பார்கள், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

8. எல்லாக் காய்ப்பையும் எடுக்கக் கூடாது. வீணை வாசிப்பவரின் இடக்கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பார்த்திருக்கிறீர்களா? உலோகத் தந்தியை அழுத்தி இழுத்து இழுத்துக் கோடு விழுந்து காய்த்திருக்கும். அந்தக் காய்ப்புதான் அவரைக் கமகம் பிடிக்க விடுகிறது. புதிதாக வீணையோ கிதாரோ கற்றுக்கொள்ளும் பிள்ளை “விரல் எரியுது” என்று அழுதால், தினமும் கொஞ்ச நேரம் என்று பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். சில வாரங்களில் விரல் பழகிவிடும். வாசித்தவுடன் கையை வெந்நீரில் ஊறவைக்க வேண்டாம், உருவாகிற காய்ப்பு இளகிவிடும். தவில் வாசிப்பவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். வலக்கை விரல்களுக்கு, துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடு மாட்டிக்கொள்கிறார்கள்.

9. காய்த்த தோலுக்கு உணர்ச்சி கிடையாது என்ற நினைப்பைத்தான் ‘ஓ’ சேர்ந்த அந்த ஆங்கிலச் சொல் நம் தலையில் ஏற்றுகிறது. அது தப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேனும் சக ஆய்வாளர்களும், வெறுங்காலோடு நடந்து பழகியவர்களையும் காலணி அணிந்து பழகியவர்களையும் கென்யாவில் ஒப்பிட்டுப் பார்த்து, 2019இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வெறுங்காலோடு நடந்தவர்களின் காய்ப்பு தடிமனாக இருந்தது, ஆனால் தரையை உணரும் திறன் அதனால் மழுங்கவில்லை. உள்ளங்கால் காய்த்த உழவருக்கு வரப்பின் ஈரம் நன்றாகவே தெரிகிறது. அகராதிக்குத்தான் அது தெரியவில்லை.

10. பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ பாதயாத்திரை கிளம்புகிறவர்கள் போன வாரம்தான் பெடிக்யூர் செய்துகொண்டேன் என்றால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். உடம்பு கட்டிக்கொடுத்த கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போருக்குப் போவது அது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காய்ப்பில் கை வைக்காதீர்கள். தினமும் வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடந்து பழகுங்கள். எண்ணெய் தடவி வெடிப்பு மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

11. எடுக்க வேண்டிய காய்ப்பை எடுக்கும் முறை: வெதுவெதுப்பான நீரில் பாதத்தை 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். கொதிநீர் வேண்டாம். தேய்க்கும் கல்லையும் நனைத்துக்கொள்ளுங்கள். வட்டமாகவோ பக்கவாட்டிலோ மெதுவாகத் தேய்த்து, செத்த தோல் கொஞ்சம் உதிர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் பட்டுப்போல ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ரத்தம் வரும், கிருமி நுழையும். நிறுத்த வேண்டிய இடம் எது? தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும் முன்பே.

12. கல் என்றதும் அந்தக் காலத்துத் துவைக்கிற கல் ஞாபகம் வரும். குளித்துக்கொண்டே குதிகாலை அதில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வருவார்கள். அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியில்லை. கடையில் ‘ப்யூமிஸ்’ என்று விற்கும் நுரைக்கல் எரிமலைக் குழம்பு நுரைத்துக் குளிர்ந்ததால் உருவாவது. உள்ளே காற்றறைகள் நிறைந்திருப்பதால் தண்ணீரில் மிதக்கும். அது கிடைக்காவிட்டால் முற்றிய பீர்க்கங்காய் நார். எதுவானாலும் ஆளுக்கு ஒன்று, உபயோகித்ததும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

13. தேய்த்து முடித்து ஈரம் முழுதும் காய்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின் எதுவும் பரவாயில்லை. இவை ஈரத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். கெட்டியான காய்ப்புக்கு மருந்துக்கடையில் யூரியா கலந்த களிம்பு கிடைக்கிறது. உரமூட்டையில் இருக்கும் அதே யூரியாதான், முகம் சுளிக்க வேண்டாம். 10 சதவீதம் என்றால் ஈரப்பதம் தரும். 20க்கு மேல் போனால் தடித்த தோலையே இளக்கும். சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

14. எண்ணெய் தடவிய காலோடு டைல்ஸ் தரையில் நடக்காதீர்கள். பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். பெரியம்மா விழுந்த கதையும் இதுதான்.

15. பிளேடு வேண்டாம். நகவெட்டியும் வேண்டாம். ஆணியின் முனையை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து வெட்டுகிறோம். அழுத்தம் அப்படியே இருப்பதால் அது திரும்ப வரும், நடுவில் புண் மட்டும் மிச்சம்.

16. கார்ன் கேப் என்று விற்கும் ஒட்டும் வில்லையில் சாலிசிலிக் அமிலம் சுமார் 40 சதவீதம் இருக்கும். அது செத்த தோல், நல்ல தோல் என்று பேதம் பார்க்காது. வில்லையின் மருந்துப் பகுதி ஆணியின் மேல் மட்டும் படும்படி ஒட்டுங்கள். சொட்டுமருந்தாக இருந்தால் சுற்றிலும் வாசலின் பூசிவிட்டு ஆணியில் மட்டும் வையுங்கள். எரிச்சலோ சிவப்போ வந்தால் எடுத்துவிட வேண்டும். மருந்தில்லாத, நடுவில் ஓட்டை போட்ட வளையப் பட்டைகளும் கிடைக்கின்றன. அழுத்தத்தை ஆணியிலிருந்து சுற்றுப்புறத்துக்குத் தள்ளிவிடும் எளிய சாதனம். என் ஓட்டு இதற்குத்தான்.

17. எருக்கம்பால் வைத்தியம் தெரியாத கிராமம் இல்லை. ஆணியில் எருக்கம்பால் வைப்பது, சேங்கொட்டையைச் சுட்டு அதன் எண்ணெயை வைப்பது இரண்டுமே தோலைப் பொசுக்கும் வேலைகள். சலவைத் தொழிலாளிகள் துணியில் அழியாக் குறி போடப் பயன்படுத்திய கொட்டை அது. பட்ட இடம் கொப்புளமாகிவிடும். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழியையே கெடுக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் இதே ஜாதி. பாட்டி வைத்தியம் எல்லாம் நல்லது என்ற கட்சியில் நான் இல்லை. இவை மூன்றையும் காலில் வைக்காதீர்கள். மஞ்சளும் மருதாணியும் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

18. பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் தேட வேண்டாம். குதிகாலைச் சுற்றிக் காய்த்த தோல் ஈரம் வற்றி இறுகிவிடுகிறது. நிற்கும்போது பாதம் பக்கவாட்டில் விரிகிறது. இறுகிய தோலால் விரிய முடியாது, பிளந்துவிடும். பின்புறம் திறந்த செருப்புப் போடும் நம் ஊரில் இது அதிகம். தரம் குறைந்த சோப்பும், நாள்முழுதும் ஈரத்தரையில் நிற்பதும் இன்னும் கெடுக்கும். வெடிப்பு ஆழமாக, ரத்தம் கசியும் அளவில் இருந்தால் கல்லால் தேய்க்கக் கூடாது. முதலில் களிம்பால் மூட வேண்டும், தேய்ப்பது பிறகு. எலுமிச்சைச் சாறும் அப்போது வேண்டாம். எரிச்சலில் வீட்டையே இரண்டாக்குவீர்கள்.

19. செருப்பு வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் கடிக்காது. நின்றபடி போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவு இல்லை என்றால் பெரிய காலுக்கு வாங்குங்கள். “போடப் போடச் சரியாயிடும் சார்” என்று கடைக்காரர் சொல்வார். சரியாவது செருப்பு இல்லை, உங்கள் கால்தான் காய்த்துச் சரியாகும்.

20. கால்விரல் இடுக்கில், குறிப்பாகச் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவில், வெள்ளையாக ஊறிப்போய் வலிக்கிறதா? சேற்றுப்புண் என்று மருந்து போட்டும் ஆறவில்லையா? அது வியர்வையில் ஊறிய மென்மையான ஆணியாக இருக்கலாம். இரண்டு விரல் எலும்புகளும் ஒன்றையொன்று உரசுவதால் வருவது. விரல்களுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சு வைத்து, அகலமான செருப்புக்கு மாறிப் பாருங்கள்.

21. கைக்கு: அரிவாள்மனைக்குப் பதில் கத்திக்கு மாறிய சமையலறைகளில் ஆள்காட்டி விரலின் அடியில் காய்ப்பு வந்திருக்கும். கத்தியின் பிடி மெல்லியதாக இருப்பதுதான் காரணம். பழைய பருத்தித் துணியைப் பிடியில் சுற்றிக் கட்டிவிடுங்கள். மண்வெட்டி, கடப்பாரை, தேங்காய்த் துருவிக்கும் இதுவே. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் காய்ப்பைப் பல்லால் கடித்துப் பிய்க்கிறார்கள். அதட்டி நிறுத்துங்கள்.

22. பச்சைக்குழந்தையின் மேலுதட்டின் நடுவில் சின்னதாகத் தடித்து, தோல் உரிகிறதா? பால் குடிக்கும் உராய்வால் வருவது. அதற்கும் ‘கேலஸ்’ என்றே பெயர். ஒன்றும் தடவ வேண்டாம், உரிக்க வேண்டாம். கட்டைவிரல் சூப்பும் குழந்தையின் விரல் கணுவில் காய்ப்பு இருந்தால் பழக்கம் தீவிரம் என்று அர்த்தம்.

23. பெரியம்மா கதைக்கு வருவோம். முறிந்த எலும்பின் இரு முனைகளையும் உடம்பு முதலில் மிருதுவான திசுவால் ஒட்டுகிறது. சில வாரங்களில் அது இறுகிச் சுண்ணாம்பேறி எலும்பாகிறது. அந்த ஒட்டுக்கும் ‘கேலஸ்’ என்றே பெயர். தடித்த முடிச்சுப்போல எக்ஸ்ரேயில் தெரியும். அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பதறாதீர்கள். ஆனால் அதை நம்பி நீங்களாகவே கட்டைப் பிரித்துவிடவும் வேண்டாம். ஒட்டு விழுந்ததற்கும் பாரம் தாங்குவதற்கும் நடுவே இன்னும் நாள் இருக்கிறது.

24. தோட்டக்காரர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. செடியை வெட்டிய இடத்தில் மூடிக்கொள்ளும் திசுவுக்கும் இதே பெயர். ஆங்கிலத் தோட்டக் குறிப்புகளில் “கேலஸ் ஆகட்டும்” என்று இருந்தால், வெட்டுவாய் காய்ந்து மூடட்டும் என்று பொருள். கள்ளி வகைகள், டிராகன் பழச்செடி இவற்றின் துண்டை வெட்டியவுடன் மண்ணில் செருகினால் அழுகும். நிழலில் நாலைந்து நாள் கிடத்தி, வெட்டிய முகம் மூடிய பிறகு நட்டுப் பாருங்கள். ரோஜாக் குச்சி அப்படியல்ல. அதை ஈரத்திலேயே வைக்க வேண்டும். மண்ணுக்குள் வெட்டுவாய் மூடிக்கொண்டு பிறகு வேர் விடும்.

25. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒன்று: மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் ‘கார்ப்பஸ் கலோசம்’ என்ற பட்டையிலும் ஒளிந்திருப்பது இதே லத்தீன் வேர்தான். ‘கெட்டியான பொருள்’ என்று அர்த்தம். சுமார் 20 கோடி நரம்பிழைகள் அதில் ஓடுகின்றன. பெயரில்தான் கடினம்.

26. எந்த உராய்வும் இல்லாமல் இரண்டு உள்ளங்கையும் இரண்டு உள்ளங்காலும் ஒருசேரக் காய்த்துக்கொண்டே போனால் அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. சிலருக்குப் பரம்பரையாக வரும். சொரியாசிஸிலும் வரும். மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைக் குடித்தவர்களுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இப்படித்தான் முண்டு முண்டாகக் காய்த்தது. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

27. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன கல், வில்லை, அமிலம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கலாம். ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப்போலக் காய்ப்பு ஒவ்வோர் அடியிலும் கீழ்த்தசையை நசுக்கும். வலி தெரியாததால் உள்ளே புண் வைத்தது வெளியே தெரியாது. காய்ப்புக்குள் கருத்தோ நீலம் பாரித்தோ ரத்தக்கறைபோலத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தேய்த்து எடுப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் நண்பகலில் வெறுங்காலோடு சுற்றுவதும் இவர்களுக்கு வேண்டாம். சாமி மாலையிலும் அங்கேதான் இருக்கும்.

28. வலி தெரியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று கண்டு சொன்னவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர்: டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். நோய் நேரடியாக விரல்களைத் தின்பதில்லை, உணர்ச்சி போனதால் பட்ட காயமும் சுட்ட சூடும் தெரியாமல்தான் விரல்கள் அழிகின்றன என்று காட்டினார். தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பைத்தான் இன்று ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். பார்க்க அழகாக இராது. வாங்கிப் போடுங்கள்.

29. கடைசியாக, காசு செலவில்லாத ஒரு சோதனை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவமனையில் உருவானதால் அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்குகிறது. சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இறகு படுவதுபோல ஓரிரு நொடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பாதம் காய்ப்பே இல்லாமல் வழவழப்பாகவும் இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு நிமிட வேலை. இன்று ராத்திரி டி.வி. பார்க்கும் நேரத்தில் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து செய்துவிடுங்கள்.